கூத்து ஜமாவில் விஸ்காம் பிள்ளைகள்

கூத்துக் கலைஞர்களின் கதைகளை அவர்கள் குரலிலேயே மூன்று நிமிடப் படங்களாக்க, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களை இன்டர்ன்களாக எடுக்கும் அமைப்புகளுக்குச் சில குறிப்புகள். கல்லூரிகள் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புவது பெரும்பாலும் மே, ஜூனில். தமிழ்நாட்டு வட மாவட்டங்களின் கூத்து ஜமாக்களுக்கு (ஆட்டக் குழுக்களுக்கு) மூச்சுவிட நேரமில்லாத காலமும் அதுதான். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் பாரதம் வைக்கத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரைக்கும் ஊர் ஊராக ஓட்டம். இரவு பத்து மணி வாக்கில் களரி (ஆடுகளம்) கட்டினால், முடிவில் மங்களம் பாடும்போது விடிந்திருக்கும். அப்படி ஆடியவரைக் காலை பதினோரு மணிக்கு எழுப்பி மைக் முன்னால் உட்காரவைத்தால் ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘அப்படித்தான்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான் அவர் பேசுவார். ஆறு மணிக்கு அடுத்த ஊருக்கு வேன் கிளம்பிவிடும்.

இன்டர்ன்ஷிப்பை இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கதை கேட்பதும் எழுதுவதும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் டிசம்பர் விடுமுறையிலும். இரவுப் படப்பிடிப்பு மட்டும் மே மாதத்தில். இப்படிக் கடிதம் எழுதிக் கேட்டால் பல துறைகள் ஒப்புக்கொள்ளும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

செய்யப்போவது ஆவணப்படம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் கதைசொல்லல் என்று இன்று வழங்கும் வடிவம் 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் உருவானது. 1994இல் அங்கே தொடங்கிய சிறு மையம் 1998இல் பெர்க்லிக்கு இடம் மாறியது. பிபிசி வேல்ஸ் 2001 முதல் 2008 வரை ‘கேப்சர் வேல்ஸ்’ என்ற பெயரில் இதே முறையில் ஊர் ஊராகப் பட்டறை நடத்தியது. அளவு சிறியது: இரண்டு அல்லது மூன்று நிமிடம், ஆங்கிலத்தில் 250, 300 சொல், பத்திருபது நிழற்படங்கள், கதைக்கு உரியவரின் சொந்தக் குரல். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே நேரத்துக்கு 200 சொல்லை ஒட்டி எழுதினாலே போதும். 300 சொல் எழுதிய பிரதியை மூன்று நிமிடத்துக்குள் அடக்கப் பார்த்தால் செய்தி வாசிப்பு போல ஆகிவிடும்.

பின்னணிக் குரல் இன்டர்னுடையதாக இருக்கக் கூடாது. மற்ற விதிகளையெல்லாம் சற்றுத் தளர்த்தலாம், இதைத் தளர்த்தினால் கையில் மிஞ்சுவது விளம்பரப்படம்.

மாணவர்களின் முதல் வரைவு பெரும்பாலும் ‘அழிந்துவரும் கலை’ என்றுதான் தொடங்கும். ஆவணி வரை அட்வான்ஸ் வாங்கிவைத்திருக்கும், ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் இதைப் படித்துக்காட்டினால் அவருக்குச் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். அவருடைய கவலைகள் வேறு. பெண் வேஷத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. வேன் வாடகையும் மைக் செட்டும் போக மீதியை எப்படிப் பங்கு பிரிப்பது? கிரீடமும் புஜக்கட்டையும் ஏற்றிய தோளில் நாற்பது வயதுக்கு மேல் வலி விடுவதில்லை. கதை இந்த மாதிரி இடங்களில் இருக்கிறது. அதை எடுக்கக் கதைவட்டம் வேண்டும்: ஆறு முதல் பத்துப் பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், போன் எல்லாம் பைக்குள். இந்த வட்டத்தைப் பதிவு செய்யவே கூடாது. பதிவாகிறது என்று தெரிந்தால் ஜமாவின் மூத்தவர் முன்னால் இளையவர் வாய் திறக்க மாட்டார். இன்டர்ன்களும் வட்டத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்ப்பவருக்கு யாரும் கதை சொல்வதில்லை.

எழுத்து அவ்வளவாகப் பழகாதவர் கையில் தட்டச்சுப் பிரதியைத் திணிக்காமல், இருபது முப்பது விநாடித் துண்டுகளாகச் சொல்லவைத்துப் பதியலாம். இன்னொரு சிக்கல் கூத்துக்காரர்களுக்கே உரியது: மைக்கைக் கண்டதும் குரல் தானாக மேடைச் சுருதிக்கு ஏறிவிடும். அவருக்குப் பழக்கமான ஒருவரை எதிரே உட்காரவைத்து, குட்டி மைக்கை நெஞ்சில் மாட்டி, ரெக்கார்டரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் இரண்டாவது டேக்கில் வீட்டுக் குரல் வரும். ரெக்கார்டர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, அது ஓடுவதை மறைக்கக் கூடாது. சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டும். கோயில் பக்கத்து வீடென்றால் ரேடியோ செட் ஓய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் பின்னால் ஓடிய சினிமாப் பாட்டைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஏற்றியதும் யூடியூப் உரிமைக் கோரல் எழுப்பும்.

இரவுப் பதிவில் போனின் தானியங்கி ஒலி அளவுதான் முதல் எதிரி. முகவீணை என்ற ஊதுகுழல் ஏறும்போது பாட்டைக் கீழே அமுக்கிவிடும், ஓயும்போது கூட்டத்தின் இரைச்சலை மேலே இழுக்கும். தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதிவது நல்லது. இன்டர்ன்கள் ஒலி அளவைத் தொடக்கத்தில் வரும் பிள்ளையார் பாட்டின்போது சரிசெய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுத்ததும் ஒலி அளவு மீறி வெடித்துவிடும். ஆகவே முதல் பெரிய வேஷத்தின் வரவுப் பாட்டை (களரிக்குள் வரும்போது பாடுவது) மனதில் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி இறக்கியே வைக்க வேண்டும். குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம், வெடித்ததை ஒட்டவைக்க முடியாது.

படத்துக்கு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனில் வழக்கமாக இருக்கும் 30 ஃப்ரேமை அப்படியே விட்டால் ட்யூப்லைட்டின் கீழ் கருங்கோடுகள் ஓடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் நிற்கும். மலிவான எல்இடி விளக்குகள் சில அப்போதும் துடிக்கும், முன்னாலேயே ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பின்னால் இருட்டாக இருப்பதால் தானியங்கி முறையில் அரிதாரம் பூசிய முகம் வெளுத்துப்போகும். முகத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு ஒரு படி குறையுங்கள். பல டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும். பாட்டின் நடுவே நின்றால் நின்றதுதான். முழு இரவையும் எடுக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1080 தரத்தில் நிமிடத்துக்கு 130 எம்பி என்று கொண்டால் எட்டு மணி நேரம் 62 ஜிபிக்கு மேல். மூன்று நிமிடக் கதைக்கு இது எதற்கு? வேஷம் கட்டும் கொட்டகையில் நாற்பது நிமிடம், ஒரு வரவுப் பாட்டு, விடியற்காலை மங்களம், இவை போதும்.

தமிழ் எழுத்து உடைவதுதான் எடிட்டிங்கில் அதிக நேரத்தைத் தின்னும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ‘கொ’, ‘கை’ போன்றவை சிதறினால் எழுத்துருவைக் குறை சொல்லாமல் செட்டிங்ஸில் உள்ள தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பையாக வரும். வசன வரிகளுக்கான எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8ஆகச் சேமிக்காவிட்டாலும் அதே கதி. வாட்ஸ்அப்பில் படமாக வந்த நிழற்படம் சுருங்கித்தான் வரும், எடுத்த தேதி, நேரத் தகவலும் போய்விடும். ஆவணமாக அனுப்பச் சொன்னால் இரண்டும் தப்பும்.

ஒப்புதலை இரண்டு முறை வாங்க வேண்டும்: பதிவுக்கு முன் ஒன்று, முடிந்த படத்தைக் காட்டிய பிறகு இன்னொன்று. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம், தகராறும் அங்கேதான் பிறக்கிறது. ஊர்ப் பெயர், சாதி, சம்பளம் மூன்றும் பேச்சில் இயல்பாக வந்துவிடும். இணையத்தில் ஏறிய பின் அவற்றின் விலை வேறு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் படத்தில் இருந்தால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் ஏற்றவே கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த வயதைத்தான் எல்லையாக வைக்கிறது. கூத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நடுச்சாமத்தில் அந்த ஊர்ப் பெரிய மனிதரை வைத்து அடிக்கும் நக்கல் அந்தக் களரிக்குள் எடுபடும். நாற்பது விநாடி ரீல்ஸாக வெட்டிப் போட்டால் அடுத்த வருடம் அந்த ஊரில் ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க மாட்டார்கள். நன்றாக ஓடும் என்று இன்டர்ன்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

அமைப்புகள் செய்யும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். வந்த பிள்ளையை இன்ஸ்டாகிராம் போஸ்டர் போடும் ஆளாக மாற்றுவது மிகச் சாதாரணம். ஊக்கத்தொகை தர முடியாவிட்டாலும் பஸ் கட்டணமும் சாப்பாடும் தந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். கடைசி பஸ் போன பிறகே கூத்து தொடங்குகிறது. பெண்கள் தங்க ஊருக்குள் ஒரு வீடும் கழிப்பறையும் முன்கூட்டியே பேசிவைக்காமல் இரவுப் பதிவுக்கு அழைப்பது பொறுப்பில்லாத வேலை.

சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: மூலப் பதிவுகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றனவா, கோப்புப் பெயரில் தேதியும் ஊரும் உண்டா, இரண்டாவது ஒப்புதல் தாள் கோப்பில் இருக்கிறதா. கதைக்காரரின் போனிலேயே ஓடும்படி 20 எம்பிக்குள் சுருக்கிய பிரதி அவர் கைக்குப் போனதா என்பதையும் அவரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல்.