கால் பெட்டி கைமாறும் நாட்கள்

அக்டோபர் 3

நாடக மேடையில் வாசித்த பழைய கால் பெட்டி இது, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். புதுக்கோட்டை அண்ணனுக்கு விற்கப்போகிறேன். அதற்கு முன் பழுதுபார்ப்பதை ஐப்பசி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் மரம் ஊதிவிடும். விரலால் அழுத்தும் கட்டைகளில் எது ஈரத்தில் ஒட்டுகிறது, எது உண்மையிலேயே கெட்டது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இன்று துருத்தி மட்டும். காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்டாப் எல்லாவற்றையும் மூடி, மிதியை மிதித்து, காற்றைச் சேர்த்து வைக்கும் பெரிய துருத்தியை நிரப்பிவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். இருபது விநாடி நின்றால் மேடைக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. இது அதில் பாதிகூட நிற்கவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியை மடிப்போரமாகக் கொண்டுபோனால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை பட்டென்று விலகும். விலகியது, வலது பின் மூலையில். எப்போதும் மூலைதான். இரண்டு திசையிலும் மடிந்து மடிந்து தோல் அங்கேதான் முதலில் தேயும்.

அக்டோபர் 4

வஜ்ரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை, ஊறுகிறது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், இரவு முழுக்க.

அக்டோபர் 5

வஜ்ரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம், 60 டிகிரியை ஒட்டிய சூடு. கொதித்தால் பிடிப்புப் போய்விடும். மெல்லிய வெள்ளாட்டுத் தோலை மூலையின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைக் கத்தியால் காகித மெலிவுக்குச் சீவி ஒட்டியாயிற்று. ஓரம் தடிப்பாக இருந்தால் துருத்தி மூடும்போது அந்த விளிம்பே பக்கத்து மடிப்பைத் தேய்த்து அடுத்த ஓட்டையைப் போடும்.

டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசையால் இதே இடத்தில் முன்பு எவரோ ஒட்டியிருக்கிறார். அதைப் பிரிக்கத்தான் அரை நாள் போனது. வஜ்ரம் என்றால் வெந்நீர்த் துணியை வைத்தால் விட்டுவிடும். வெள்ளைப் பசை மரத்தின் நாரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். இன்று ஒட்டுபவன் நாளை பிரிப்பவனை நினைக்க வேண்டாமா?

அக்டோபர் 6

வெள்ளைக் கட்டைகளின் மேல்தகடு தந்தமா, செல்லுலாய்டா?

அக்டோபர் 7

இது வெறும் ஆர்வத்தில் எழுகிற கேள்வி இல்லை. தந்தம் என்றால் விற்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1991 திருத்தத்தோடு ஆப்பிரிக்கத் தந்தமும் அதற்குள் வந்துவிட்டது. பழைய சாமான் என்று சொல்லித் தப்ப முடியாது.

சூடேற்றிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். செல்லுலாய்டு நைட்ரோசெல்லுலோஸ், குபீரென்று பற்றும். அந்த யோசனையே வேண்டாம். கண்ணால் பார்த்தாலே பாதி தெரியும். தந்தத் தகடு பெரும்பாலும் இரண்டு துண்டு: முன்னால் அகலமானது, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமானது, இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு. இதில் கோடு இல்லை. இரண்டு கட்டைகளில் தகட்டின் ஓரம் சுருண்டு மேலே தூக்கியிருக்கிறது. செல்லுலாய்டு வயதாக ஆகச் சுருங்கும், தந்தம் அப்படிச் சுருளாது.

ஆனால் இடது கோடியில் மூன்று கட்டைகளின் நிறம் வேறாக இருக்கிறது.

அக்டோபர் 8

டவுனிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். பெட்டியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கி, காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் பித்தளை ரீட்டை எட்டிப் பார்த்து, "பாரிஸ் ரீட்டுதானே சார்? ரீட்டை மட்டும் குடுங்க, பெட்டிய நீங்களே வெச்சுக்குங்க" என்றார். முழுப் பெட்டிக்குப் புதுக்கோட்டை அண்ணன் சொன்ன தொகையைவிட இவர் ரீட்டுக்கு மட்டும் சொன்னது அதிகம்.

பாரிஸ் ரீட்டைப் பிடுங்கிப் புதுக் கைப்பெட்டியில் பொருத்தி விற்கிற வழக்கம் ஊரறிந்தது. ரீட் பிழைத்துக்கொள்ளும். சுருதி? ரீட்டுக்கு அடியில் இருக்கும் அறையின் அளவும் பலகையின் தடிப்பும் மாறினால் நாதம் மாறும், சுருதி கொஞ்சம் நகரும். புது ஆள் உடனே சுரண்டியை எடுப்பார்.

கொடுக்கப்போவதில்லை என்று சொல்லியனுப்பியாயிற்று. அந்தத் தொகை மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது.

அக்டோபர் 9

ரீட். மூன்றரை ஸ்தாயி, 42 கட்டை, இரண்டு செட், ஆக 84. ஒவ்வொன்றையும் கழற்றும்போதே எண் எழுதிய காகிதத்தில் வரிசையாக வைக்க வேண்டும். திருகின் தலையில் இருக்கும் வெட்டுக்குச் சரியான அகலத் திருப்புளிதான் வேண்டும், இல்லையென்றால் தலை மழுங்கிவிடும். துருப்பிடித்து வராத திருகின் தலையில் சால்டரிங் அயர்ன் முனையைச் சிறிது நேரம் வைத்தால் பிடி விடும்.

சுத்தம் செய்ய மிருதுவான பிரஷ் போதும். பித்தளைதானே என்று புளி போட்டு விளக்கிவிடுகிறார்கள், அதைவிடக் கேடு இல்லை. புளிப்பு, ரீட்டில் அதிரும் நாக்கை அரிக்கும், நாக்கைத் தகட்டோடு பிடித்திருக்கும் ரிவெட்டுக்கு அடியில் ஈரமும் உப்பும் தங்கும், சில மாதத்தில் பச்சை பூக்கும், சுருதி அலையும். நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி மாட்டியிருந்தால் மெல்லிய காகிதத்தை நுழைத்து ஒரே பக்கமாக இழுத்தால் வந்துவிடும். முன்னும் பின்னும் ஆட்டினால் நாக்கு வளையும்.

பேசாத ரீட் எல்லாம் செத்த ரீட் இல்லை. நாக்கின் நுனி தகட்டுக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதில்தான் விஷயம். அதிகம் தூக்கியிருந்தால் காற்றைக் குடித்துத் தாமதமாகப் பேசும். ஒட்டிப் படிந்திருந்தால் பலமாக மிதித்ததும் மூச்சடைத்து நின்றுவிடும். மெதுவாக மிதிக்கும்போது மட்டும் பேசுகிற ரீட் இந்த இரண்டாவது வகை.

அக்டோபர் 10

ஆறு கட்டை எனப்படும் A சுரத்தை அழுத்தினால், சுருதி காட்டும் டியூனர் 435 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. 1859இல் பிரான்ஸ் சட்டம் போட்டு வைத்த சுருதி அது. இன்றைய 440க்குச் சுமார் 20 சென்ட் கீழே; அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே 100 சென்ட். இதைக் கெட்டுப்போன சுருதி என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.

நினைப்பார்கள். அதுதான் பயம். கீபோர்டு வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் "அண்ணே, பெட்டி இறங்கியிருக்கு" என்பார். ரீட்டை ஏற்ற வேண்டும் என்றால் நாக்கின் நுனியில் சுரண்ட வேண்டும். அங்கே எடை குறைந்தால் சுருதி ஏறும். இறக்க வேண்டும் என்றால் ரிவெட்டை ஒட்டிய அடிப்பக்கத்தில் சுரண்ட வேண்டும். அங்கே மெலிந்தால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். 84 ரீட்டின் நுனியையும் 20 சென்ட் அளவுக்குச் சுரண்டினால் போன பித்தளை போனதுதான். கீபோர்டில் மாஸ்டர் டியூனை 435க்கு இறக்குவது அரை நிமிட வேலை. மிருதங்கத்தைப் பெட்டிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பாடுகிறவர் எப்படியும் பெட்டியைத்தான் கேட்கிறார்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் சொரண்ட மாட்டேன் தம்பி" என்றார். எழுதியும் கொடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 11

மழை.

அக்டோபர் 12

நினைத்தபடியே. மேல் ஸ்தாயி இரண்டரைக் கட்டை அழுத்தாமலே பேசுகிறது. காற்றுத் துளையை மூடும் தோல்தட்டு முழுக்கப் படியவில்லை என்று அர்த்தம். துளையோரத்தில் தூசி, தளர்ந்த ஸ்பிரிங், கட்டை ஊதி வழிகாட்டி ஆணியில் பிடித்துக்கொள்வது என்று காரணம் பல. இது கடைசி வகை. மரத்தைச் சீவக் கூடாது. கோடையில் காய்ந்ததும் லொடலொடவென்று ஆடும். ஆணியில் பென்சில் கரியைத் தேய்த்து, கட்டையில் ஆணி நுழையும் துளையின் பக்கச் சுவரை இடுக்கியால் லேசாக அழுத்தி விடுவதோடு சரி. எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தூசி சேர்க்கும், தோலை ஊறவைக்கும்.

தோல்தட்டுகளைப் பார்த்தால் தேய்மானம் ஒரே சீராக இல்லை. ஐந்து கட்டையிலிருந்து மேலே ஒரு ஸ்தாயிக்குத் தோலில் துளையின் வட்டம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி புதிதுபோல. மைக் இல்லாத காலத்தில் தாழ்ந்த சுருதியில் பாடினால் பின்வரிசைக்குக் கேட்டிருக்குமா? ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போட்ட போட்டி இந்தத் தோலில் இருக்கிறது. பதிந்த தோலை மாற்றும்போது சொரசொரப்பான பக்கம்தான் துளையைப் பார்க்க வேண்டும். வழவழப்பான பக்கம் காற்றை விட்டுவிடும்.

1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்கு இடமில்லை என்று ஆக்கினார்கள். தடை தளரவே 1971 ஆனது. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராது, சுருதி வெள்ளைக்காரச் சுருதி என்பது வாதம். வாதத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. நாடக மேடை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அக்டோபர் 14

மூன்று கட்டை விவகாரம். ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தேன். தந்தம் என்றால் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும், செல்லுலாய்டு மங்கலாக இருக்கும். மற்ற வெள்ளைக் கட்டைகள் எல்லாம் மங்கல். இந்த மூன்றும் பளிச்.

தூக்கம் போச்சு.

அக்டோபர் 15

பகலில் பூதக்கண்ணாடி. மூன்று தகட்டிலும் நீளவாக்கில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள், சிறு கீறல்கள். எலும்பு! ரத்த நாளம் போன துளைகளில் அழுக்கு ஏறி இப்படித் தெரியும், தந்தத்தில் இது இருக்காது. எலும்பும் புற ஊதாவில் ஒளிரத்தான் செய்யும். எவரோ மாட்டெலும்பில் தகடு செய்து ஒட்டியிருக்கிறார். நல்ல வேலைப்பாடு, மட்டம் பிசகவில்லை.

சட்டத்துக்குப் பயமில்லை. அண்ணனுக்குப் போன் செய்து வரச் சொல்லியாயிற்று.

அக்டோபர் 17

குட்டி யானையில் ஏற்றிப் போகிறாராம். தந்தக் கவலை தீர்ந்ததும் யானை வருகிறது.

பஸ் மேலே போடக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டேன். துருத்தியில் இருக்கும் காற்றை முழுக்க இறக்கி, மிதிகளைக் கயிற்றால் கட்டி, ஸ்டாப்புகளை மூடி, கால்களை மடக்கி, பெட்டியை நிமிர்ந்தபடியே வைக்க வேண்டும். கவிழ்த்தால் தளர்ந்த திருகு ஏதாவது ரீட்டின் மேல் விழும். சுற்ற வேட்டித்துணி, மேலே ஜமுக்காளம். பிளாஸ்டிக் ஷீட்டை நேராகச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். தார்ப்பாய் வண்டிக்கு, பெட்டிக்கு இல்லை.

திருவிழா சீசன் பங்குனியில்தான் தொடங்கும். அதுவரை மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம், எல்லாக் கட்டையையும். வாசிக்காத பெட்டிக்குள் முதலில் குடிவருவது கரப்பான். தோலைத் தின்னும். துருத்திக்குப் பக்கத்தில் வேப்பிலை காய்ந்தது, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டியாயிற்று. 435 என்பதைப் பெரிதாக, இரண்டு அடிக்கோடு.

அக்டோபர் 18, இரவு

கீழ் செட், ஆறரைக் கட்டை. சாயங்காலம் பேசியது, இப்போது காற்றுச் சத்தம் மட்டும் வருகிறது. பலமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் அதேதான், ஆக மூச்சடைப்பு இல்லை. நாக்கின் பக்கவாட்டில் ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது ரிவெட் நகர்ந்து நாக்கு சாய்ந்திருக்கிறது. ரிவெட் என்றால் தட்டி இறுக்குவதற்கு முன் மெல்லிய எஃகுத் தகடு வைத்து நடுவில் நிறுத்த வேண்டும். மறுபடி 24 திருகைக் கழற்ற வேண்டும்.

வண்டி பத்து மணிக்கு.