குழந்தைகளுக்கு 15 நிமிட மீன் பாஸ்தா

இரண்டு குழந்தைகளுக்கு 120 கிராம் பாஸ்தா, 150 கிராம் மீன் போதும். சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். துண்டுகளை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் முள் விரலில் குத்தும்.

வடிக்கும் முன் பாஸ்தா வெந்த தண்ணீரில் அரை கப் எடுத்து வையுங்கள். சாஸ் ஒட்டி நிற்பது அதிலுள்ள மாவுச்சத்தால்தான்.

வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய், கைப்பிடி பட்டாணி, 100 மி.லி. பால். லேசாகக் கொதித்ததும் 2 செ.மீ. மீன் துண்டுகள், மிதமான தீயில் சுமார் 4 நிமிடம். நடுப்பகுதியும் வெளுத்து, இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் விட்டால் ரப்பர்தான். குழந்தை துப்பும், பழி மீன் மேல் விழும்.

பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரையும் சேர்த்துப் பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகே துருவிய சீஸ். கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடும். உப்பு? சீஸிலேயே இருக்கிறது.