பெர்த்தில் அக்கா, தக்கலையில் ரோஸ்மேரி

பிப்ரவரி 9

நர்சரியில் வாங்கிய இரண்டு ரோஸ்மேரி வாசனைச் செடிகளும் கருக ஆரம்பித்துவிட்டன. நுனி பழுத்து, தொட்டால் இலை உதிர்கிறது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். இன்னும் மோசமானது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அவள் வீட்டில் ரோஸ்மேரி வேலி மாதிரி வளர்ந்து நிற்கிறது.

"ஏட்டி, அது வெயில்ல சாவாது, தண்ணியிலதான் சாவும். உருவி வேரப் பாரு" என்றாள்.

உருவினேன். சட்டி முழுக்கத் தென்னை நார்க்கழிவு, பிழிந்தால் சொட்டுகிறது. ஒன்றின் வேர் மொத்தமும் கறுத்து அழுகியிருந்தது. இன்னொன்றில் பாதி வேர் வெள்ளையாக இருந்தது. அது போதும்.

பிப்ரவரி 10

கறுத்த வேரை வெட்டிவிட்டு மண்சட்டிக்கு மாற்றினேன். பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலை மட்டும் அள்ளி வந்துவிடாதீர்கள், உப்பு செடியைக் கொன்றுவிடும். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவில்லை. இனி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். விடும்போது அடித்துளையில் வழிகிற வரை விட வேண்டும்.

பிப்ரவரி 24

செடி அப்படியே நிற்கிறது. வாடவில்லை, அதுவே நிம்மதி.

அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் ஊரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொளுத்தும் கோடை, மழை அநேகமாக இல்லை. மழையெல்லாம் குளிர்காலத்தில்தான், அதாவது நம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பெய்கிற அதே ஜூன், ஜூலையில். அந்த நாட்களில் செடிக்குத் தனியாகத் தண்ணீரே தேவையில்லை என்பதால், ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஸ்பிரிங்ளர் போடவே தடையாம். மத்திய தரைக்கடல் பக்கத்துச் செடிகளான ரோஸ்மேரி, லாவெண்டர், தைம் எல்லாம் இந்தக் கணக்குக்குப் பழகியவை. மழை வந்தால் குளிரும் கூட வர வேண்டும், வெயில் வந்தால் மண் காய வேண்டும்.

நமக்கோ மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். ஜூனில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று என்று இரண்டு மழை. சூடான ஈர மண்ணில்தான் வேர் அழுகும். அப்படியென்றால் ரோஸ்மேரிக்கு இந்த ஊரில் சோதனைக் காலம் மார்ச் அல்ல, ஜூன். இது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

மார்ச் 16

விளையில், அதாவது தோட்டத்தில், மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. வழுதலையும் (கத்தரி) மிளகாயும் மத்தியானம் தலை தொங்கி, சாயங்காலம் நிமிர்கின்றன. மத்தியான வாட்டத்துக்குப் பயந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, காலையிலும் வாடியிருந்தால்தான் உண்மையான தாகம்.

அம்மா கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, கொண்டுவந்து போட்டாள். இதில் ஒரு விஷயம் உண்டு. தென்னையைச் சுற்றிக் குழி எடுத்துப் புதைக்கிற கதம்பைக்குக் குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பினால் தலைகீழ், முதுகு மேலே. நான் மேலே பரப்பியதை எல்லாம் மல்லாத்தி வைத்திருந்தேன். அம்மா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்: "மக்களே, தண்ணி கெட்டி நின்னா கொசுதான் வளரும்."

காய்கறிப் பாத்தியில் கதம்பைக்குப் பதில் சருகு, நான்கு விரல் உயரம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விலக்கினேன். இரண்டு வழுதலைக்கு நடுவே கழுத்து வரை ஒரு மண்பானையும் புதைத்திருக்கிறேன். சாயம் பூசாத, சுட்ட பானை. அதில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் மெல்லக் கசியும், வேர் அதைத் தேடி வரும்.

ஒரு எச்சரிக்கை: நார்க்கழிவு நிரப்பிய சட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், நடுவில் நனையாது. அப்போது சட்டியைத் தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். அக்காவின் ஊர் மணலுக்கும் இதே குணம்தானாம்.

மார்ச் 30

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தேன். அப்புறம் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். சாயங்காலம்தான் அடித்தேன், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

ஏப்ரல் 23

சித்திரை பத்து. பாட்டா இருந்தவரை இந்த நாளில் ஏதாவது நடாமல் இருந்ததில்லை. சேனை, மஞ்சள், கொஞ்சம் சேம்பு வைத்தோம். ரோஸ்மேரியில் இளம்பச்சை நுனிகள். எண்ணினேன், பதினொன்று!

மே 12

ரோஸ்மேரியில் ஐந்து குச்சி, ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம், கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு ஈர மணலில் நிழலில் ஊன்றினேன்.

பக்கத்து வீட்டு மாமி ஓரிகானோ, பேசில் என்ற வாசனை இலைச் செடிகளை வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஓரிகானோவுக்குப் பதில் கற்பூரவல்லி போதும், வாசனை கிட்டத்தட்ட அதுதான். பேசில் வேண்டுமென்றால் அவர்கள் வாசலில் நிற்கிற திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான், அறிவியல் பெயர் ஓசிமம் பசிலிகம். வாசனை மட்டும் கொஞ்சம் மாறும். இரண்டும் நம் மழைக்கு அசையாது.

ஜூன் 3

மழை பிடித்துவிட்டது. ரோஸ்மேரியை சன்ஷேடுக்கு அடியில், காற்றும் காலை வெயிலும் வருகிற இடத்துக்கு மாற்றினேன். சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன், துளை அடைக்கக் கூடாது. பாத்தியில் தண்டுப் பக்கம் நகர்ந்திருந்த சருகை எல்லாம் மறுபடி தள்ளிவிட்டேன்.

ஜூன் 19

பதினேழாவது நாளாக விட்டுவிட்டு மழை. ரோஸ்மேரிக்கு இந்த மாதம் இரண்டே முறைதான் தண்ணீர் விட்டேன். ஐந்து குச்சியில் மூன்று கறுத்துவிட்டன, இரண்டை மெதுவாக இழுத்தால் வர மறுக்கின்றன. வேர் பிடித்திருக்கிறது.

இரவு அக்கா கூப்பிட்டாள். அங்கேயும் மழை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாள். அவளுடைய ரோஸ்மேரி வேலி நனைந்துகொண்டே நீலமாகப் பூத்திருந்தது.