இருக்கிற ஃபைலை இல்லைன்னு சொல்ல வச்ச கிட்

டீம்ல புதுசா சேர்ந்த தம்பிக்கு விண்டோஸ் லேப்டாப். கிட்ல (கோட் மாற்றங்களை பதிஞ்சு வைக்கிற டூல்) இருக்கிற எங்க ரெப்போவ, அதாவது ப்ராஜெக்ட் கோடை, க்ளோன் பண்ணி டாக்கர் இமேஜ் (கோடை லினக்ஸ் சூழலோட சேத்து கட்டுன பொட்டலம்) பில்ட் பண்றான், பில்ட் ஒழுங்கா முடியுது, ரன் பண்ணா மட்டும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'னு அந்த இமேஜ்ல இருந்து ஓடுற கண்டெய்னர் அப்பவே செத்துடுது. "அண்ணா, பாஷ் வச்சு உள்ள போய் எல்எஸ் போட்டேன், முதல்ல ஓட வேண்டிய ஸ்க்ரிப்ட் அங்கதான் இருக்கு, ஆனா இல்லங்குது"ன்னான். அதே கமிட் (பதிஞ்சு வச்ச வெர்ஷன்) சிஐல, அதாவது தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ற சர்வர்ல, ஓடுது, என் லினக்ஸ் மெஷின்லயும் ஓடுது.

மறைஞ்ச எழுத்தையும் காட்டுற கேட் -ஏ கமாண்டை அந்த ஸ்க்ரிப்ட் மேல போட்டு பாக்க சொன்னேன். ஒவ்வொரு வரி கடைசிலயும் ^எம்$, அந்த ^எம் தான் சிஆர்ங்கிற எழுத்து. லினக்ஸ்ல வரி முடிய எல்எஃப்ங்கிற மறைஞ்ச எழுத்து ஒன்னு போதும், விண்டோஸ்ல சிஆர் எல்எஃப் ரெண்டும் வேணும், இங்க என்னாச்சுன்னா ஸ்க்ரிப்டை எந்த ப்ரோக்ராம் வச்சு ஓட்டணும்னு சொல்ற முதல் வரி ஷெபாங்கை படிக்கிற கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அந்த சிஆரையும் பேரோட சேத்துக்கிட்டு, /பின்/பாஷ்ங்கிற பேர் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்னு ஒட்டுன மாதிரி ஒரு ப்ரோக்ராமை தேடுது. அப்படி ஒன்னு எங்க இருக்கும்? காணோம்னு சொன்னது அதைத்தான், ஸ்க்ரிப்டை இல்ல. எரர் மெசேஜ் எழுதுனவர் யாரை காணோம்னும் சேத்து எழுதியிருக்கலாம்.

சரி, சிஆரை யாரு போட்டது? அவன் அவனோட கிட்கான்ஃபிக்க (கிட் செட்டிங் ஃபைல்) திறந்து காட்டுறான், பேரும் மெயில் ஐடியும் தவிர ஒன்னுமில்ல. கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் போட்டு வரி முடிவை மாத்துற கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங் எங்கிருந்து வருதுன்னு கேட்டா, ப்ரோக்ராம் ஃபைல்ஸ் உள்ள கிட் ஃபோல்டர்ல இருக்கிற சிஸ்டம் கான்ஃபிக்க காட்டுது, மதிப்பு ட்ரூ. விண்டோஸ் இன்ஸ்டாலர்ல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டு போனா டிஃபால்ட்டா விழுறது அது. செக்அவுட்ல (ரெப்போல இருந்து ஃபைலை டிஸ்க்ல இறக்கும்போது) சிஆர் சேக்கும், கமிட்ல எடுத்துடும், அதனால கிட் ஸ்டேட்டஸ் சுத்தமா இருக்கும், டிஃப்ல எதுவும் தெரியாது. ஃபைலோட பைட்டையே மாத்துற செட்டிங்கை ஆளுக்கு ஆள் மெஷின்ல விட்டு வச்சது எனக்கு இன்னும் சரின்னு படல.

ரெப்போக்குள்ள வைக்கிற கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல எஸ்ஹெச் (ஸ்க்ரிப்ட்) ஃபைல் எல்லாத்துக்கும் ஈஓஎல்=எல்எஃப்னு, அதாவது வரி முடிவு எல்எஃப் மட்டும்னு, ஒரு வரி போட்டோம், அது ரெப்போ கூடவே போறதால இந்த கான்ஃபிக்க மீறிடும். போட்டும் அடுத்த பில்டுல அதே எரர்! ஏற்கெனவே டிஸ்க்ல இறங்கின ஃபைலை கிட் தானா போய் தொடாது, டெலீட் பண்ணிட்டு திரும்ப செக்அவுட் பண்ணணும். பண்ணோம், ஓடிச்சு.

ஆனா ஒவ்வொரு ஃபைலோட வரி முடிவையும் காட்டுற கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல் போட்டு பாத்தப்போ இன்னொரு பூதம், சில பழைய ஃபைல்ஸ் ரெப்போக்குள்ளயே சிஆரோட கமிட் ஆகியிருக்கு. அதையும் ஆட்ரிப்யூட்ஸ்ல சேத்து, வரி முடிவை திருத்துற கிட் ஆட் --ரீநார்மலைஸ் பண்ணி கமிட் போட்டா, எந்த வரியை கடைசியா யார் மாத்துனதுன்னு காட்டுற ப்ளேம்ல அத்தனை வரிக்கும் என் பேரு. அதை மறைக்க 2019ல வந்த இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் வசதி இருக்கு, கமிட் ஐடிய ஒரு ஃபைல்ல எழுதி வச்சா போதும், ஆனா அந்த ஃபைலை படிக்க சொல்லி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மெஷின்ல கான்ஃபிக் பண்ணணுமாம்.