அம்மிச்சிக்கும் ஒரு போனஸ்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இப்போது போனஸ் பேச்சுதான். ஆனால் இந்த ஆண்டு அந்தப் பேச்சில் களை இல்லை. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வரவேண்டிய ஆர்டர்கள் நின்றுபோயின. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஓடுகிறது. சில நாள் அதுவும் மதியத்தோடு முடிந்துவிடுகிறது. நான் செக்கிங், ஷிப்ட் கணக்கில் கூலி. என் கணவர் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட். பீஸ் வராத நாளில் அவருக்குக் காசும் வராது.

வரவு குறைந்ததும் வீட்டுச் செலவு முழுவதையும் உட்கார்ந்து பார்த்தோம். கேபிளை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைக் கறியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்கினோம். எங்கள் லைன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியை அம்மிச்சி என்போம். அம்மிச்சிக்குக் கொடுக்கும் வாரக்கூலி 800 ரூபாயில் மட்டும் கை வைக்கவில்லை. அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் வேலைக்கே போகிறேன்.

இப்போது என் மனத்தில் ஓடுவது தீபாவளிக்கு அவருக்கு என்ன செய்வது என்பதுதான். ஒரு ஸ்வீட் பாக்ஸோடு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஆளுக்கு ஒரு பை பொரி கடலை. பூஜை முடிந்ததும் போனஸ் அறிவித்துவிட்டார்கள்: 8.33 சதவீதம். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். உச்ச அளவு 20 சதவீதம். அதைக் கேட்கும் தைரியம் இந்த ஆண்டு யாருக்கும் இல்லை.

8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆண்டு முழுக்க உழைத்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வரும். எனக்கு அது சட்டப்படி கிடைக்கிறது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்று நான் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் லைன் வீட்டின் கடைசிக் கதவுக்குப் பின்னால், காலை எட்டு மணி முதல் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மிச்சிக்கு எந்தச் சட்டமும் இல்லை. அவருக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தால், அது நாங்கள் மூன்று தாய்மார்கள்தான்.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் கம்பெனியில் பெண்கள் அந்த எண்ணிக்கைக்கு வரமாட்டோம். அங்கன்வாடி மாலையில் சீக்கிரமே மூடிவிடும். ஷிப்ட் முடிந்து நான் வரும் நேரத்துக்கு அது ஒத்துவராது. ஆக, இந்த ஊரில் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு பெரும்பாலும் ஏதோ ஒரு லைன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியின் தயவில்தான் ஓடுகிறது.

4 அக்டோபர், சனி

சம்பள நாள். கூலி கொடுக்கப் போனபோது பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மிச்சி ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே மடியில் இன்னொரு குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். சோற்றை விரலால் மசித்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, அப்புறம்தான் வாயில் வைக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் அப்படி. எனக்கு அந்தப் பொறுமை வாய்க்காது.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அக்கா ஒரு விஷயம் சொன்னார். அவருடைய பையனும் அம்மிச்சியிடம்தான் வளர்கிறான். போன தீபாவளிக்கு அம்மிச்சி வார வட்டிக்கு 3,000 ரூபாய் வாங்கினாராம். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குத் தீபாவளிச் சீர் வைக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் மகளுக்குத்தான் பேச்சு விழும். அந்தக் கடனைப் பொங்கல் வரைக்கும் கட்டியிருக்கிறார். போன ஆண்டு நாங்கள் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தது தீபாவளிக்கு முதல் நாள் இரவில். அதற்குள் அவர் வட்டிக்காரரிடம் கைநீட்டி முடித்திருந்தார்.

பண்டிகைப் பணம் பண்டிகைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஜவுளிக்கும் பலகாரத்துக்கும் எங்களுக்கு எப்போது பணம் தேவையோ, அவருக்கும் அப்போதுதான் தேவை.

11 அக்டோபர், சனி

மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். நான், பக்கத்து வீட்டு அக்கா, எதிர் லைனில் இருக்கும் பீகார்க்காரப் பெண். அந்தப் பெண் சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறாள். திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்கிறாள். குழந்தை இல்லாத மாதத்துக்கு அவள் எதுவும் தரமாட்டாள் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அவளோ முதல் ஆளாக, பாதிக் கூலியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன், என் மகனின் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று அம்மிச்சியிடம் சொல்லுங்கள் என்றாள். நல்ல யோசனை. அவருக்கும் வருமானம் அறுபடாது, இவளுக்கும் திரும்பி வந்து ஆள் தேடும் அலைச்சல் இல்லை.

அதிலிருந்து பேச்சு எங்கள் விடுமுறைக்குத் தாவியது. தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் அடைப்பு. எங்களுக்கு அந்த வாரம் கூலி கிடையாது. அதனால் இத்தனை காலமும் அம்மிச்சிக்கும் கொடுத்ததில்லை. யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. மூன்று வீட்டுக் கூலியும் ஒரே வாரத்தில் நின்றால், பண்டிகை வாரம்தான் அவருக்கு ஆண்டிலேயே வறண்ட வாரம். இந்த முறை அடைப்பு வாரத்துக்கும் 800 ரூபாய் கொடுப்பது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். புடவை கொடுத்துவிட்டு ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொள்வதில் என்ன அர்த்தம்? புடவை இல்லாமல் போனாலும் போகட்டும், கூலி நிற்கக்கூடாது என்பது என் கட்சி.

செக்கிங்கில் என் பக்கத்தில் நிற்பவர், அம்மிச்சிதான் கேட்கவே இல்லையே, நீயாக ஏன் பழக்கத்தை உண்டாக்குகிறாய் என்றார். போனஸ் பத்து ரூபாய் குறைந்தால் மேனேஜர் அறைக்கு முதலில் போகிறவர் அவர். அம்மிச்சிக்குப் போய் நிற்க எந்த அறையும் இல்லை. அவர் கேட்கமாட்டார் என்பதற்காகவே நாமாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

12 அக்டோபர், ஞாயிறு

புடவையும் உண்டு என்று ஆகிவிட்டது. ஆளுக்கு 300 ரூபாய் போட்டோம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி. 1,250 ரூபாய்ப் பருத்திப் புடவை 875க்கு வந்தது. பளபளப்பான சிந்தெடிக் புடவை இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கும் உடம்புக்குப் பருத்திதான் தோது. பச்சை உடல், அரக்குக் கரை. மிச்சம் 25 ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்.

14 அக்டோபர், செவ்வாய்

போனஸ் வந்துவிட்டது. எனக்கு 11,600. என் கணவருக்குக் காண்ட்ராக்டர் பேசி முடித்த 6,000. ஆக 17,600 ரூபாய்.

இரவு கணக்கு எழுதினோம். நகைக்கடன் வட்டி 4,200. அடுத்த மாத வாடகை 4,500. அடைப்பு வாரத்தில் கூலி வராது என்பதால் அதை இப்போதே எடுத்து வைத்தாக வேண்டும். இரண்டு அம்மாக்களுக்கும் புடவை 2,000. ஊருக்குப் போய்வர பஸ் 1,600. காதர்பேட்டையில் பாப்பாவுக்கு உடுப்பு 400. எங்கள் இருவருக்கும் புதுத்துணி வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். பட்டாசும் வேண்டாம், ஊரில் அண்ணன் பிள்ளைகள் வெடிப்பதைப் பாப்பா பார்த்துக்கொள்ளட்டும். மீதி 4,900.

எனக்கு போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்றால் அம்மிச்சிக்கும் ஒரு மாதக் கூலி என்பதுதான் நியாயம். நான்கு வாரம் 3,200. அதற்கு மேலே அடைப்பு வாரம் 800, புடவைப் பங்கு 300. எல்லாம் சேர்த்தால் 4,300 ஆகிறது. கையில் 600 ரூபாயை வைத்துக்கொண்டு கூலியில்லாத வாரத்துக்கு மளிகை வாங்க முடியாது. வெகுநேரம் பார்த்துவிட்டு போனஸை 2,000 என்று வைத்தோம். அடைப்பு வாரமும் புடவையும் சேர்ந்து 3,100. மளிகைக்கு 1,800 மிஞ்சும். பலகாரம் தீபாவளிச் சேமிப்புப் பண்டில் வந்துவிடும்.

கடன் வாங்கி 3,200 கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். யோசித்தால் அது சரிதான். நாங்கள் வட்டியில் விழுந்தால் தை மாதத்தில் அம்மிச்சியின் வாரக்கூலிதான் தட்டுப்படும். வாரக்கூலி நிற்காமல் போவதுதான் அவருக்குப் பெரிது.

15 அக்டோபர், புதன்

காலையில் வேலைக்குப் போகும் முன்பே கொடுத்துவிட்டோம். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரில் 2,000. அடைப்பு வாரக் கூலியைத் தனியாகக் கையில் கொடுத்தேன். அது கூலி, அன்பளிப்போடு கலக்கக்கூடாது என்று நினைத்தேன். அக்காவும் தன் கவரைக் கொடுத்தார். புடவைத் தட்டைக் குழந்தைகள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். வாழைப்பழம் ஒன்று பாதி வழியிலேயே என் மகள் வாய்க்குள் போய்விட்டது.

அம்மிச்சி அடைப்பு வாரப் பணத்தைத் திருப்பி நீட்டினார். கண்ணு, பிள்ளையைப் பார்க்காத வாரத்துக்கு எனக்கு எதற்கு என்றார். கம்பெனி அடைக்கிறது என்பது எங்கள் கணக்கு, உங்கள் வயிறு அடைக்காதே அம்மிச்சி என்று சொல்லி அவர் கையை மூடினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இன்றைக்கே டவுனுக்குப் போய் மருமகனுக்கு வேட்டி எடுத்துவிடுகிறேன், கடைசி நேரத்தில் போனால் விலை சொல்வான், அரை நாள் யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்றார். பீகார்ப் பெண் லீவு போட்டாள்.

16 அக்டோபர், வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் செய்ததைக் கேள்விப்பட்டு இருவர் வந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கு 1,000 ரூபாய்தான் முடியும் என்றாள். முடிந்தது அதுவென்றால் அதை நாளைக்கே கொடுத்துவிடு, சனிக்கிழமை வரை வைத்திருக்காதே என்றேன்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

ஊரில் இருக்கிறோம். சென்னையிலிருந்து வந்திருக்கும் நாத்தனார் வீட்டிலும் இதே பேச்சு. அவர்கள் குடியிருப்பில் காவலாளி, லிப்ட் பார்ப்பவர், குப்பை எடுப்பவர், பேப்பர் போடுபவர், கார் துடைப்பவர் என்று ஆளுக்கு 200 ரூபாய் போகிறது. வீட்டோடு இருந்து குழந்தையைப் பார்க்கும் பெண்ணுக்குக் கடைசியில் 500தான் மிஞ்சியதாம். எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பை சிறியது என்றால் முதல் பங்கைக் குழந்தையைத் தூக்கிச் சுமக்கிறவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பிரிக்க வேண்டும். நாத்தனாரிடம் சொன்னேன். பொங்கலுக்குச் சேர்த்துச் செய்கிறேன் என்றாள். நினைவுபடுத்துவேன்.

27 அக்டோபர், திங்கள்

விடியற்காலையில் கோவில்வழி பஸ் நிலையத்தில் இறங்கி, குளித்து, எட்டு மணிக்குப் பாப்பாவைக் கொண்டு போய் விட்டேன். அம்மிச்சி மகள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். இந்த ஆண்டு வட்டிக்காரரிடம் போகவில்லை. அக்கா கொடுத்ததும் நான் கொடுத்ததும் சேர்ந்து சீருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

கம்பெனியில் ஆர்டர் நிலவரம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு போனஸ் எப்படி வருமோ, அதை நம்பி இருக்கப்போவதில்லை. வாரம் 60 ரூபாய் வீதம் தனியாகப் போட்டால் ஆண்டுக்கு 3,120 ஆகும். ஒரு மாதக் கூலிக்கு 80 ரூபாய்தான் குறையும். அக்காவும் சேர்ந்துகொள்கிறேன் என்றார். பீகார்ப் பெண் திரும்பியதும் அவளையும் கேட்க வேண்டும். சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கியவுடன் அக்காவிடம் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். முதல் தவணை வருகிற சனிக்கிழமை, நவம்பர் 1.