கோணல் நகல்

"வேறொன்று எடுத்துத் தரட்டுமா?" என்றார் ஜெராக்ஸ் கடை அண்ணன். பட்டா நகல் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு வந்திருந்தது.

வேண்டாம் என்றேன். சூடு ஆறாத அந்தக் கோணல் தாளைப் பார்த்ததும் மார்க் பெர்ரி நினைவுக்கு வந்துவிட்டார்.

1976, லண்டன். இருபது வயது நிரம்பாத வங்கிக் குமாஸ்தா. பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைப் பற்றித் தானே எழுதி, 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு சிற்றிதழ் தொடங்கினார். குழந்தைகளின் தட்டச்சுப் பொறி, தலைப்புகளுக்குக் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, நகல் இயந்திரம். அவ்வளவுதான் அச்சகம்!

எழுத்துப்பிழைகளை அடித்துவிட்டு அப்படியே விட்டிருப்பார். அடித்த கோடும் நகலில் விழும்.

மூன்று கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிக்கும் இசையைப் பற்றி வழவழத் தாளில், அலங்கார நடையில் எழுதினால் எனக்கு ஏனோ நம்பிக்கை வருவதில்லை. அந்தப் பாடல்களுக்கு இருந்த அவசரம் அவர் தாளிலும் இருந்தது.

முதல் இதழ் ஐம்பது பிரதிகள்தான். ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கிய பிறகு, 1977-இலேயே அவரே நிறுத்திவிட்டார். நம் ஊர்ச் சிற்றிதழ்கள் நிற்கும் காரணமே வேறு.

பட்டா நகலை நாளை அலுவலகத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.