இன்டரப்ட் ரூட்டிங்: பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் எப்படிப் படிக்கலாம்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் இன்டரப்ட் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: சாதனம் கூப்பிடும், சிபியு செய்துகொண்டிருந்ததை நிறுத்தும், ஹேண்ட்லர் ஓடும், பழைய வேலைக்குத் திரும்பும். 13 மார்க்கில் பாதி தேறும். ஆனால் வைவாவிலும் இன்டர்வியூவிலும் நோண்டுவது அதற்கு முந்தின கட்டத்தை. கூப்பாடு எந்த வழியாக, எந்தக் கோருக்கு, எந்த எண்ணாகப் போய்ச் சேர்ந்தது? நான் பெருந்துறைப் பக்கம் படித்துவிட்டு இப்போது கோவையில் மோட்டார் பம்ப் கன்ட்ரோலர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறேன். ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்வதுதான் இது.

முதலில் மூன்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஐஆர்க்யூ எண் (சாதனத்தின் கூப்பாட்டுக்கு ஓஎஸ் வைத்திருக்கும் எண்), கூப்பாட்டைச் சிபியுவுக்குக் கடத்தும் கன்ட்ரோலர் சிப்பின் பின் எண், எந்த ஹேண்ட்லர் என்று தெரிய சிபியு பார்க்கும் வெக்டர் எண். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ரூட் நம்பர் வேறு, பஸ் வந்து நிற்கும் இடம் வேறு, டிஎன் 38 என்று ஆரம்பிக்கும் வண்டி நம்பர் வேறு.

இந்த எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு மைக்ரோபிராசசர் லேபில் பார்த்த 8259 என்ற பழைய இன்டரப்ட் கன்ட்ரோலரைத் தூசு தட்ட வேண்டும். ஒரு சிப்பில் 8 லைன். பிசியில் இரண்டு சிப். இரண்டாவதை முதலாவதின் 2-ஆம் லைனில் கோத்துவிட்டதால் மிச்சம் 15. பயாஸ் முதல் எட்டு லைன்களையும் 8 முதல் 15 வரையுள்ள வெக்டர்களில் வைத்திருக்கும். கர்னல் ஓடும் புரொடெக்டட் மோடிலோ 0 முதல் 31 வரை எக்ஸப்ஷன்களுக்கு, அதாவது சிபியுவே எழுப்பும் பிழைகளுக்கு, ஒதுக்கியாகிவிட்டது. அதில் 8 என்பது டபுள் ஃபால்ட். அப்படியே விட்டால், லைன் 0-இல் இருக்கும் டைமர் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் டபுள் ஃபால்ட் ஹேண்ட்லர் ஓடும். அதனால்தான் கர்னல் எழுந்தவுடன் இவற்றை 32-க்கு மேலே நகர்த்துகிறது. 32-இல் ஆரம்பித்தால் கீபோர்டு ஐஆர்க்யூ 1, வெக்டர் 33. இந்தக் காரணத்தோடு எழுதினால் திருத்துகிறவர் மார்க்கைக் குறைக்க மாட்டார்.

பல கோர்கள் வந்த பிறகு 8259-இன் இடத்துக்கு வந்த கன்ட்ரோலர் ஐஓ ஏபிக். அதன் ஒவ்வொரு பின்னுக்கும் 64 பிட்டில் ஒரு பதிவு உண்டு: வெக்டர் எது, எட்ஜா (சிக்னல் மாறும் கணத்தில் மட்டும்) லெவலா (சிக்னல் நீடிக்கும்வரை), மாஸ்க் ஆகியிருக்கிறதா (அடைத்து வைத்திருக்கிறதா), எந்தக் கோருக்கு அனுப்ப வேண்டும். ரூட்டிங் என்பது பெரும்பாலும் இந்தப் பதிவை நிரப்புகிற வேலைதான். பாடம் சொல்ல எம்ஐடி எழுதிய சின்ன ஓஎஸ் எக்ஸ்வி6. அதன் எக்ஸ்86 (பிசி சிபியு வகை) பதிப்பில் இதற்கான கோப்பு நூறு வரிக்குள் முடிந்துவிடும். பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிட அது மேல் என்பேன்.

அப்புறம் உங்கள் லேப்டாப்பிலேயே பாருங்கள். லினக்ஸில் ப்ராக் கோப்புறைக்குள் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால், பல கணினிகளில் முதல் வரி டைமர். இடது ஓரத்தில் 0 என்று இருக்கும். வலப்பக்கம் ஐஓ ஏபிக், 2-எட்ஜ் என்று இருக்கும். ஐஆர்க்யூ 0 வந்து விழுவது பின் 2-இல்! வன்பொருள் அமைப்பைக் கர்னலுக்குச் சொல்ல பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையில் அப்படி மாற்றிச் சொல்லியிருப்பதால் கர்னல் அதன்படி நடக்கிறது. வெக்டர் எண் இந்தக் கோப்பில் வராது. கீழே எஸ்எஸ்டி, நெட்வொர்க் வரிகளில் எம்எஸ்ஐ என்று இருந்தால் அங்கே பின் பேச்சே இல்லை. சாதனம் ஒரு மெமரி முகவரியில் எழுதுவதே இன்டரப்ட்.

வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்னிடம் கேட்டது: “ஏந்தம்பி, கீபோர்டுல ஒரே ஒரு எழுத்து வருது, அடுத்தது வரமாட்டேங்குது. எங்க போய்ப் பாப்பீங்க?” ஈஓஐ (இன்டரப்ட் வேலை முடிந்தது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பாமல் விட்டிருக்கலாங்க சார் என்றேன். “அது மட்டுந்தானுங்களா?” கீபோர்டு டேட்டா வரும் ஹெக்ஸ் 60 போர்ட்டைப் படிக்காமல் விட்டாலும் அதே கதைதான் என்று சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது 8259-இல் இருக்கும் 8 முதல் 15 வரையுள்ள லைன்களுக்கு இரண்டு சிப்புக்குமே ஈஓஐ அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்து வையுங்கள்.

ஒரே லைனைப் பல சாதனங்கள் பங்கிடும் விஷயத்தை லேசாக விடாதீர்கள். பழைய பிசிஐ லைன்கள் லெவல் வகை. சாதனத்தில் காரணத்தை அழிக்காமல் ஈஓஐ மட்டும் அனுப்பினால் உடனே மறுபடி அடிக்கும். ‘என்னுடையது இல்லை’ என்று எல்லா ஹேண்ட்லர்களும் கைவிரித்தால் லினக்ஸ் எண்ணிக்கொண்டே வரும். 1,00,000-இல் 99,900-ஐத் தாண்டி அனாதையாகப் போனால் ‘நோபடி கேர்டு’ என்று எழுதிவிட்டு அந்த லைனையே மூடிவிடும்.

கோவைப் பக்கம் எம்பெடட் வேலைக்குப் போகிறவர்களிடம் எக்ஸ்86-ஐவிட ஆர்ம் கார்டெக்ஸ்-எம் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். எக்ஸ்86-இல் வெளி இன்டரப்ட்களுக்கு 32-இலிருந்து இடம் என்றால் அங்கே 16-இலிருந்து. வெளி இன்டரப்ட் 0 என்பது எக்ஸப்ஷன் எண் 16. கார்டெக்ஸ்-எம் வகையான எஸ்டிஎம்32எஃப்1 போர்டில் பிஏ0, பிபி0 (போர்ட் ஏ, போர்ட் பி-யின் 0-ஆம் பின்கள்) இரண்டிலும் ஒரே சமயத்தில் வெளி இன்டரப்ட் வைக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. இரண்டுக்கும் லைன் 0 ஒன்றுதான். எந்தப் போர்ட் என்பதை ஒரு ரெஜிஸ்டர் தீர்மானிக்கும். 10 முதல் 15 வரையுள்ள லைன்களுக்கு ஹேண்ட்லரும் ஒன்றே. உள்ளே நுழைந்ததும் பெண்டிங் ரெஜிஸ்டரைப் பார்த்து எந்த லைன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பிட்டை அழிக்க எழுத வேண்டியது 0 அல்ல, 1.